குகை மீனுக்குக் கண் எப்படிப் போனது?

(அறிவியல் ஆசிரியர்களுக்கான பயிற்சி ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவர்கள்தான் இந்த அறையில் அதிகம் இருக்கிறீர்கள். அதனால் ஒரு தவறை ஒப்புக்கொண்டே தொடங்குகிறேன். பரிணாமப் பாடத்தில் நான் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த ஒரு வாக்கியம் தவறானது. அதை எனக்குக் காட்டியவள் ஒரு மாணவி.

அந்த வாரம் லாமார்க்கின் கோட்பாட்டை முடித்திருந்தேன். ஒட்டகச்சிவிங்கியின் கழுத்துக் கதையைச் சொன்னேன். வாழ்நாளில் உடல் பெற்ற மாற்றம் பிள்ளைகளுக்குப் போகாது என்று விளக்கி, கரும்பலகையில் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டேன். மறுநாள் டார்வின். பாடம் சுவையாக இருக்கட்டும் என்று குகையில் வாழும் பார்வையற்ற மீனின் படத்தைக் காட்டினேன். "ஏன் சார் கண் இல்லை?" என்று கேட்டார்கள். "இருட்டிலேயே இருந்தது. கண்ணைப் பயன்படுத்தவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது" என்றேன்.

பின்வரிசையிலிருந்து அந்த மாணவி எழுந்தாள். "சார், எங்க தாத்தாவுக்குச் சின்ன வயசுலயே அம்மை போட்டு ரெண்டு கண்ணும் போயிடுச்சு. அறுபது வருஷமா அவர் கண்ணைப் பயன்படுத்தலை. அப்போ எங்க அப்பாவுக்கும் எனக்கும் பார்வை குறையுமா?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். "அது வேற, இது வேற. உட்காரு" என்றேன். உட்கார்ந்தாள். அதன்பிறகு பல நாள் அவள் கை தூக்கவே இல்லை.

அன்று இரவு யோசித்துப் பார்த்தேன். முதல் நாள் பெருக்கல் குறி போட்டு வெளியே அனுப்பிய லாமார்க்கை, மறுநாள் குகை வழியாக நானே உள்ளே அழைத்து வந்திருக்கிறேன். அவள் கேட்டது கேலிக் கேள்வி அல்ல. என் வாக்கியம் உண்மையானால் அவள் பயமும் நியாயம்தான்.

அதன்பிறகுதான் குகை உயிரியலைப் படிக்கத் தொடங்கினேன். அதில் கிடைத்ததை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

குகையின் ஆழத்தில் வெளிச்சம் இல்லை. எனவே பச்சைத் தாவரம் இல்லை. வெள்ளம் அடித்துக்கொண்டு வரும் இலைதழைகளும் வௌவால் எச்சமும்தான் பெரும்பாலான குகைகளில் உணவின் அடிப்படை. அதிலும் வாழ்கிறவை உண்டு. இன்றைய ஸ்லோவேனியாவின் போஸ்டோய்னா குகையில் 1831இல் கண்ணில்லாத ஒரு வண்டு கிடைத்தது. அதைப் பற்றிய விவரிப்பு அடுத்த ஆண்டு வெளியானது. குகை உயிரியலின் தொடக்கம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். 1907இல் ருமேனியாவின் எமில் ரகோவிட்சா இத்துறையின் கேள்விகளைத் தொகுத்து ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். 1920இல் குகைகளை ஆராய்வதற்கென்றே உலகின் முதல் நிறுவனத்தைக் க்ளூஜ் நகரில் தொடங்கியவரும் அவரே.

இந்த உயிரினங்களைப் பற்றி டார்வின் என்ன சொன்னார் தெரியுமா? 1859இல் வெளிவந்த தன் நூலில், குகை விலங்குகள் கண்ணை இழந்ததற்குக் காரணம் முழுக்க முழுக்கப் பயன்படுத்தாமைதான் என்று எழுதினார். இயற்கைத் தேர்வைக் கண்ட அதே மனிதர்! மரபணு என்றால் என்னவென்று அன்று எவருக்கும் தெரியாது. ஆக, என் மாணவி கேட்டது டார்வினே தடுமாறிய இடத்தில் எழுந்த கேள்வி.

விடை சொன்னது மெக்சிகோவில் வாழும் ஒரு சிறிய மீன். அஸ்டியானக்ஸ் என்பது அதன் பேரினப் பெயர். ஆற்றில் வாழும் வகைக்குப் பெரிய கண்களும் வெள்ளி நிறமும் உண்டு. ஏறக்குறைய முப்பது குகைகளில் அதே மீனின் கண்ணில்லாத வகை வாழ்கிறது. அதன் உடல் வெளிறிப்போயிருக்கும். 1936இல்தான் அது அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. இரு வகைகளையும் தொட்டியில் சேர்த்து வளர்த்தால் இனப்பெருக்கம் செய்யும். பிறக்கும் குஞ்சுகளும் வளர்ந்து குஞ்சு பொரிக்கும். எனவே 'கண் எப்படிப் போனது' என்பதைச் சோதனை செய்தே பார்க்க முடிந்தது.

முதல் வியப்பு: குகை மீனின் கருவில் கண் தோன்றுகிறது. லென்ஸும் உருவாகிறது. பிறகு லென்ஸின் செல்கள் தாமாகவே மடிகின்றன. கண் சுருங்கித் தோலுக்கடியில் மறைந்துவிடுகிறது.

2000ஆம் ஆண்டில் வில்லியம் ஜெஃப்ரியும் யோஷியுகி யமமோட்டோவும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஆற்று மீனின் கருவிலிருந்து லென்ஸை எடுத்துக் குகை மீன் கருவின் ஒரு பக்கத்தில் மட்டும் பொருத்தினார்கள். அந்தப் பக்கம் பெரிய கண் வளர்ந்தது. மறுபக்கம் வழக்கம்போல் கண் மறைந்தது. எத்தனையோ தலைமுறைகளாகப் பயன்படுத்தாத கண், ஒரு லென்ஸ் வந்ததும் வளர்கிறது! ஆற்று மீனின் கருவில் குகை மீனின் லென்ஸைப் பொருத்தியபோது அந்தக் கண் சிதைந்தது.

2008இல் ரிச்சர்ட் பொரோவ்ஸ்கி வெளியிட்ட சோதனை இதைவிட எளிது. வெவ்வேறு குகைகளைச் சேர்ந்த இரண்டு பார்வையற்ற மீன்களை இணைசேர்த்தார். பிறந்த குஞ்சுகளில் சிலவற்றுக்குப் பார்வை இருந்தது. சுற்றிலும் கோடுகளைச் சுழலவிட்டபோது அவை கோடுகளைப் பின்தொடர்ந்தன. பார்வையில்லாத தாய், பார்வையில்லாத தந்தை, பார்வையுள்ள குஞ்சு! காரணம், ஒரு குகையில் கெட்டுப்போன மரபணு வேறு, அடுத்த குகையில் கெட்டுப்போன மரபணு வேறு. ஒன்றில் கெட்டதை மற்றொன்றின் நல்ல படி ஈடுசெய்தது.

சரி, அப்படியானால் கண் ஏன் போனது? சடுதிமாற்றம் ஆற்றிலும் நடக்கிறது, குகையிலும் நடக்கிறது. ஆற்றில் கண் கெட்ட மீன் இரையைத் தவறவிடும், எதிரிக்கு இரையாகும்; அந்த மாற்றம் அத்துடன் நின்றுவிடும். குகையில் அதே மாற்றத்தோடு பிறந்த மீனுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. வளர்கிறது, குஞ்சு பொரிக்கிறது, மாற்றம் நிலைக்கிறது.

இது ஒரு பாதி. மறுபாதி, கண்ணுக்கு ஆகும் செலவு. 2015இல் வெளியான ஓர் ஆய்வு அதைக் கணக்கிட்டது. ஒரு கிராம் எடையுள்ள இளம் ஆற்று மீன் ஓய்வில் செலவிடும் ஆற்றலில் சுமார் 15 சதவீதம் பார்வைக்கே போகிறது. எட்டரை கிராம் மீனுக்கு அது 5 சதவீதம். உணவு அரிதான குகையில் அந்தச் செலவு இல்லாத மீனுக்கு அது லாபம். இன்னொரு தொடர்பும் உண்டு. 'சோனிக் ஹெட்ஜ்ஹாக்' என்று வீடியோ விளையாட்டுப் பாத்திரத்தின் பெயர் சூட்டப்பட்ட மரபணு ஒன்று குகை மீனின் கருவில் கூடுதலான இடத்தில் செயல்படுகிறது. அதனால் தாடை பெரிதாகிறது, சுவை அரும்புகள் கூடுகின்றன. அதே செயல்பாடு லென்ஸின் அழிவுக்கும் வழிசெய்கிறது. இவற்றில் எதற்கு எவ்வளவு பங்கு என்று ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். ஆனால் 'பயன்படுத்தாததால் தேய்ந்தது' என்பது அந்த விவாதத்தில் இல்லை.

இதற்கெல்லாம் மெக்சிகோ வரை போகவேண்டுமா என்று நினைக்கலாம். பக்கத்து மாநிலமான கேரளத்தில், செம்புரைக்கல் எனப்படும் லேட்டரைட் பாறையின் இடுக்குகளில் தேங்கும் நிலத்தடி நீரில் கண்ணில்லாத கெளிறு வகை மீன்கள் வாழ்கின்றன. இரத்தச் சிவப்பாக, விரல் நீளம்கூட இருக்காது. கோட்டயம் பகுதிக் கிணற்றில் கிடைத்த மீனுக்கு 1950இல் ஹோராகிளானிஸ் கிருஷ்ணாய் என்று பெயரிட்டார்கள். இந்த மீன்களை வலை போட்டுத் தேட முடியாது. கிணற்றில் தண்ணீர் இறைக்கும்போதும் தொட்டியைக் கழுவும்போதும் வீட்டுக்காரர்கள் பார்த்துச் சொன்னால்தான் உண்டு. 2023இல் அறிவித்த புதிய இனத்துக்கு 'ஹோராகிளானிஸ் பாப்புலி' என்று பெயர். மக்களைக் குறிக்கும் இலத்தீன் சொல் அது. தகவல் கொடுத்த சாதாரண மக்களுக்கு அறிவியல் செய்த மரியாதை.

அதே கேரளத்தில், 2018 பெருவெள்ளத்துக்குப் பின் மலப்புறம் மாவட்ட வயல் ஒன்றில் ஒரு விநோத மீன் வெளிப்பட்டது. விரால் மீனின் தூரத்து உறவான அதற்கு 2019இல் எனிக்மசன்னா கோலம் என்று பெயரிட்டார்கள். அதுவும் நிலத்தடி நீரில் வாழ்வதுதான். ஆனால் அதற்குக் கண் இருக்கிறது! இருட்டு கண்ணை அழிக்கும் என்பது விதியானால் இந்த மீனை என்ன சொல்வது? வகுப்பில் இந்த இரண்டு மீன்களையும் அருகருகே வையுங்கள். விவாதம் தானே நடக்கும்.

இனி, நான் வகுப்பில் செய்வதைச் சொல்கிறேன். காசு செலவில்லை, தாள் போதும்.

மாணவர்களை மூன்று வரிசையாக உட்கார வையுங்கள். முதல் வரிசை ஆறு. மற்ற இரண்டும் இரண்டு குகைகள். மூன்று வரிசையின் முதல் மாணவருக்கும் ஒரே பத்தியைக் கொடுங்கள். வேகமாகப் படியெடுத்து, தன் படியை மட்டும் அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். ஆற்று வரிசையில் நீங்கள் நின்று ஒவ்வொரு படியையும் சரிபாருங்கள். பிழை இருந்தால் கிழித்துவிட்டு மறுபடி எழுதச் சொல்லுங்கள். குகை வரிசைகளில் யாரும் சரிபார்க்கக் கூடாது.

முடிவில் ஆற்றுப் படி அப்படியே இருக்கும். குகைப் படிகளில் சொற்கள் சிதைந்திருக்கும். "பிழை ஆற்றில் நடக்கவில்லையா?" என்று கேளுங்கள். நடந்தது, கிழித்தோம் என்பார்கள். இயற்கைத் தேர்வு அதுதான். பிறகு இரண்டு குகைப் படிகளையும் அருகருகே வைக்கச் சொல்லுங்கள். பிழைகள் பெரும்பாலும் வேறு வேறு இடத்தில் இருக்கும். ஒன்றை வைத்து மற்றொன்றைத் திருத்திப் பத்தியை ஏறத்தாழ மீட்டுவிடுவார்கள். இரண்டு குகை மீன்களுக்குப் பார்வையுள்ள குஞ்சு பிறந்த கதையை அப்போது சொல்லுங்கள். நான் சொன்னபோது வகுப்பில் கைதட்டல் எழுந்தது.

அந்த விளையாட்டைத் தொடங்குவதற்கு முன் நான் செய்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். "பயன்படுத்தாததால் கண் போனது" என்று கரும்பலகையில் எழுதினேன். லாமார்க்குக்குப் போட்ட அதே பெருக்கல் குறியை அதன்மேல் போட்டேன். "இது நான் சொன்னது. தவறு. கேள்வி கேட்டவள்தான் சரி" என்றேன். பிறகு அந்த மாணவியைப் பார்த்துச் சொன்னேன்: "உன் தாத்தாவின் கண்ணைக் கெடுத்தது நோய். அவர் பிள்ளைகளுக்குக் கொடுத்த மரபணுவை அது தொடவில்லை. உனக்குப் பயம் வேண்டாம்."

அவள் தலையாட்டினாள். சற்று நேரம் கழித்துக் கை தூக்கினாள். "சார், அப்போ குகை மீனை மறுபடி ஆத்துல விட்டா கண் வருமா?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அந்தக் கேள்வியை உங்களிடமே விட்டுவிடுகிறேன். உங்கள் மாணவர்களிடம் கேளுங்கள். காரணத்தோடு விடை சொல்லச் சொல்லுங்கள்.