தந்தை தந்த தூண்டில்

பிள்ளை கதைப் புத்தகமே கதியென்று கிடக்கிறான் எனப் பெற்றோர் என்னிடம் முறையிடும்போதெல்லாம் ஆங்கில எழுத்தாளர் ஆதர் ரான்சம் என் நினைவுக்கு வருவார்.

1884இல் லீட்ஸ் நகரில் பிறந்தவர். தந்தை வரலாற்றுப் பேராசிரியர், தூண்டிற் பிரியர். இரவில் மீன்பிடித்துத் திரும்புகையில் காலிற்பட்ட காயமே அவருக்கு யமனாயிற்று. படிப்பில் மந்தமான மகன் தேறுவானோ என்ற கவலையோடு 1897இல் கண்மூடினார்.

மகனோ இரசாயனப் படிப்பை இடையில் விட்டு லண்டன் சென்றார். வறுமையும் கலையும் கூடிக் குடியிருந்த அந்த வாழ்வை 1907இல் 'பொஹீமியா இன் லண்டன்' என நூலாக்கினார். பின்னர் ரஷ்யப் புரட்சியை நேரிற்கண்டு எழுதினார். ட்ரொட்ஸ்கியின் செயலாளராயிருந்த எவ்ஜீனியாவை 1924இல் மணந்தார்.

தூண்டிலை மட்டும் அவர் கைவிடவில்லை. இறகையும் நூலையும் ஈப்போலக் கட்டிய முள்ளை வீசி மீனை ஏய்க்கும் கலை அது. 'மஞ்செஸ்டர் கார்டியன்' பத்திரிகையில் அதுபற்றி அவர் எழுதிய கட்டுரைகள் 1929இல் 'ரொட் அன்ட் லைன்' என நூலாயின. நீரோட்டத்தைப் பொறுமையோடு பார்த்த கண்ணே அவருடைய உரைநடைக்கும் தெளிவு தந்தது என்பேன்.

அவ்வாண்டே, 45 வயதில், பத்திரிகைத் தொழிலை உதறிச் சிறுவர் நாவலில் இறங்கினார். 1930இல் 'ஸ்வலோஸ் அன்ட் அமேசன்ஸ்' வெளிவந்தது. பின்வந்த கதைகளுக்குத் தாமே படமும் வரைந்தார். பிள்ளைகளைப் பெரும்பாலும் முதுகுப்புறமாகவே வரைந்தார். வாசிக்கும் பிள்ளை அங்கே தன் முகத்தைப் பொருத்திக்கொள்ளலாம். 1936ஆம் ஆண்டு நூலான 'பிஜன் போஸ்ட்' முதலாவது கார்னகி பதக்கத்தைப் பெற்றது.

தந்தை ஐயுற்ற மகன், தந்தை தந்த தூண்டிலோடேயே கரைசேர்ந்தார். அதைக் காணத் தந்தைதான் இருக்கவில்லை. பெற்றோரே, சற்றுப் பொறுத்திருங்கள்.