காற்றை அறிந்தவர்

(நம் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கடற்கரை மணல்மேடுகளில் ஆடப்படும் கோல்ப் ஆட்டத்தைப் பற்றிச் சில சொற்கள் பேச வந்துள்ளோம். ரயில்வே குமாஸ்தாவுக்கும் கோல்புக்கும் என்ன உறவு என்று நீங்கள் புன்னகை புரிவது தெரிகிறது. மெட்ரிகுலேஷன் அளவே படித்த நாம் அந்த மட்டையைக் கையால் தொட்டதும் இல்லை. ஆயினும் நமக்கு ஒரு கடன் உண்டு. அதைத் தீர்க்கவே மேடை ஏறினோம்.

சென்ற ஆண்டு நம் சங்கத்தார் மாதேஸ்வரன் மலைக்குச் சென்றதை மறந்திருக்க மாட்டீர்கள். புலிமேல் அமர்ந்த அப்பெருமானைக் காணச் சேலம், ஈரோடு பக்கத்து மக்களும் மேட்டூர் வழியாகத் திரண்டு வரும் தலம் அது. மலைச்சாலையின் வளைவொன்றில் நம் தாய்மார்கள் கர்ப்பூரம் ஏற்ற முயன்றனர். காற்று விடவில்லை. தீப்பெட்டியில் பாதி வீணாயிற்று. அப்போது நம் காலனி இளைஞர் ஒருவர் முன்வந்தார். சிறிது புல்லைக் கிள்ளி மேலே விட்டார். அது பறந்த திசையைக் கவனித்தார். தாழ்வான கல் ஒன்றின் மறைவில் குந்தினார். ஒரே குச்சியில் சுடர் நின்றது.

"இதை எங்கே கற்றாய், தம்பி?" என்று வினவினோம். அவர் தலை கவிழ்ந்தார். "கோல்ப் திடலில் பை சுமக்கப் போகிறேன், மாமா. ஆடுகிறவர்களுக்குக் காற்றைப் பார்த்துச் சொல்லவேண்டும்" என்றார்.

அவர் ஞாயிறுதோறும் பை சுமந்து கல்லூரிச் சம்பளம் கட்டுபவர். அவ்வேலை செய்வோரைக் 'கேடி' என்பர். தமிழில் அச்சொல்லுக்குப் போக்கிரி என்று பொருள். அதை வைத்து அவர் தந்தையார் எதிரிலேயே நகைத்தவருள் நாமும் ஒருவர். மலையிலிருந்து திரும்பிய பின் வெட்கம் நம்மை உறங்கவிடவில்லை. நூல்களைத் தேடிப் படித்தோம்.

இவ்வாட்டம் செல்வர் மாளிகையில் பிறந்ததன்று. ஸ்காட்லாந்தில் கடலுக்கும் கழனிக்கும் இடைப்பட்ட மணல்மேட்டு நிலத்தை 'லிங்ஸ்' என்பர். நம் முன்னோர் நெய்தல் என்று வகுத்த நிலத்துக்கு உறவு அது. உழவுக்கு உதவாது, ஆடு மேயும். மழைநீர் மணலில் இறங்கிவிடுவதால் புல் குட்டையாய், இறுகி வளரும். அங்கே மக்கள் பந்தடித்தனர். வில்வித்தைப் பயிற்சி கெடுகிறதென்று 1457இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் தடையே விதித்தது! செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற கடற்கரை ஊரில் 1764இல் குழிகளின் எண்ணிக்கை 22இலிருந்து 18 ஆயிற்று. அதுவே பின்னர் உலக வழக்காயிற்று. அவ்வூரின் பழைய திடல் இன்றும் பொதுச் சொத்தே. வழக்கமாக ஞாயிறன்று அங்கே ஆட்டம் இல்லை. ஊரார் குழந்தைகுட்டிகளுடன் உலாவுகின்றனர்.

அங்கே உண்மையான எதிராளி காற்றுதான். பந்தை உயரத் தூக்கி அடித்தால் காற்று அதைப் பறித்துச் செல்லும். தாழ அடித்துத் தரையில் உருளவிடுபவரே தேர்ந்தவர். பழைய திடல்கள் பலவற்றில் ஒன்பது குழிகள் ஒரு திசையில் போகும்; மற்ற ஒன்பது திரும்பி வரும். போகும்போது முதுகில் தட்டிக்கொடுத்த காற்று, வரும்போது முகத்தில் அறையும். ஏற்றத்தில் இழுக்கும் எஞ்சின் படும் பாட்டை அறிந்த நமக்கு இது விளங்காமற் போகாது. நன்றாக அடித்த பந்தும் மேட்டில் பட்டு மணற்குழியில் விழும். முணுமுணுக்காமல் இறங்கி எடுக்கவேண்டும்.

அந்நாட்டின் மேற்கே, தென் யூயிஸ்ட் என்ற தனித்தீவில் அஸ்கெர்னிஷ் என்னும் திடல் உண்டு. 1891இல் அதை வகுத்தவர் டாம் மாரிஸ். பின்னர் மணலும் புல்லும் மூடிப் பெரும்பகுதி மறைந்தது. 2008இல் மீண்டும் உயிர்பெற்றது. மேய்ச்சல் உரிமை போய்விடுமென்று குடியானவர் சிலர் அப்போது எதிர்த்ததும் உண்டு. அவர்கள் அச்சத்தையும் நாம் மதிக்கவேண்டும். அந்த மாரிஸ் யார்? நெசவாளியின் மகன், பந்து செய்யும் பட்டறையில் தொழில் பயின்றவர். 'ஓப்பன்' பட்டத்தை நான்கு முறை வென்றவர்.

நம் நாட்டிலும் சான்று உண்டு. டில்லித் திடலில் பை சுமந்து வளர்ந்த அலி ஷேர், 1991இல் இந்திய ஓப்பன் பட்டத்தை வென்றார். ஓட்டவீரர் மில்கா சிங்கின் மகன் ஜீவ் மில்கா சிங், 2012இல் ஸ்காட்லாந்துக் கடற்கரைத் திடலிலேயே அந்நாட்டு ஓப்பனை வென்றார்.

கோல்ப் ஆடுங்கள் என்று நாம் கூற வரவில்லை. நம் நாட்டில் அது பெரும்பாலும் வேலிக்குள் நடக்கும் ஆட்டம். நீரும் நிலமும் மிகுதியாக விழுங்குவது. நாம் கூறுவது ஒன்றே. பிறர் பையைச் சுமப்பவர் தம் அறிவையும் உடன் சுமக்கிறார். காற்றின் திசையை அறிந்து சொல்வது கல்வியே.

அவ்விளைஞர் இதோ பின்புறம் நாற்காலிகளை எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். தந்தையார் வாயிலருகே நிற்கிறார். அவர் எதிரில் நகைத்தது பிழை. அன்று நாலு பேர் முன்னிலையில் நகைத்தோம். இன்று நானூறு பேர் முன்னிலையில் மன்னிப்பு வேண்டுகிறோம். இருவரும் முன்வரிசைக்கு வந்தமர வேண்டுமென்று கேட்டு, நம் நாற்காலியை ஒழித்துக் கொடுத்து, உரையை முடித்துக்கொள்கிறோம்.