தண்ணீருக்குக் கீழே இருக்கும் செலவு

(எமது வானொலியின் மாதாந்த உரை நேரத்தில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



கோடை விடுமுறை வந்துவிட்டால் ரொறன்ரோவிலும் சுற்றுப்புறங்களிலும் வாழும் எம்மவர்கள் மூன்று நான்கு குடும்பங்களாகச் சேர்ந்து வடக்கே கொட்டேஜ் எடுத்துப் போவது இப்போது வழமையாகிவிட்டது. மஸ்கோக்கா, கவார்த்தா வாவிகள், ஜோர்ஜியன் விரிகுடா என்ற பெயர்கள் எங்கள் பிள்ளைகளின் வாயில் சர்வசாதாரணமாக வருகின்றன. கொட்டேஜ் எடுத்தால் கூடவே ஒரு படகும் வாடகைக்கு எடுக்கிறார்கள். இன்னும் சிலர் பழைய படகொன்றைச் சொந்தமாகவே வாங்கி வீட்டு வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். உழைத்து முன்னேறிய சமூகம் கொஞ்சம் சந்தோசமாக இருப்பது நல்ல விடயந்தான்.

கணக்கு எழுதுகிறவனுக்குப் படகில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். கடந்த சில வருடங்களாக என் மேசைக்கு வருகிற கடிதங்களோடு இரண்டு புதிய வகைக் கடிதங்களும் சேர்ந்துவிட்டன. ஒன்று படகு திருத்தியதற்கான பில். மற்றது, அந்தப் பில்லை முழுமையாகத் தர முடியாது என்ற காப்புறுதிக் கம்பனியின் பதில். இந்த இரண்டையும் விளங்கிக்கொள்வதற்காகத்தான் படகின் அடிப்பகுதியைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். படித்ததை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில், படகைத் தள்ளுவது எது? தண்ணீருக்குள் சுழலும் விசிறி. புரொப்பெல்லர் என்று சொல்வோம். இந்த விசிறியை எங்கே, எப்படிப் பொருத்துவது என்பதில்தான் ஒவ்வொரு முறையும் வேறுபடுகிறது.

பழைய முறையில் இயந்திரம் படகின் உள்ளே இருக்கும். ஒரு நீண்ட தண்டு அடிப்பகுதியை ஊடறுத்து வெளியே வந்து விசிறியைச் சுழற்றும். அதன் பின்னால் சுக்கான். பாறையில் அடிபட்டால் விசிறி நெளியும், தண்டு வளையும், சுக்கான் கோணும். திருத்துவது சிரமந்தான், ஆனால் அங்கே சிக்கலான பாகங்கள் குறைவு.

எங்கள் ஊர்ப் படகுகளில் நாம் கண்டது வெளியிணைப்பு இயந்திரம். பின்பலகையில் கொழுவியிருக்கும் அவுட்போட். இதை 1909இல் சந்தைக்குக் கொண்டுவந்து பிரபலமாக்கியவர் அமெரிக்காவில் குடியேறிய நோர்வேக்காரரான ஓல எவின்றூட். இதன் பெரிய வசதி, அடிபட்டால் மேலே எழும்பிக்கொள்வது. யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் தொழில் செய்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. ஆழம் குறைந்த இடத்தில் இயந்திரத்தைத் தூக்கிவிட்டுக் கம்பால் ஊன்றிப் போவார்கள். எங்கே முருகைக்கல், எங்கே களங்கண்டித் தடி என்பது அவர்களுக்கு மனப்பாடம். சிறிய இயந்திரங்களில் விசிறியோடு ஒரு சிறிய ஆணியும் இருக்கும். அடிபட்டால் அந்த ஆணி முறியும், கியர் தப்பும். சில காசு ஆணி, பெரிய செலவைக் காப்பாற்றும். பெரிய இயந்திரங்களில் அதே வேலையை விசிறியின் நடுவிலுள்ள இறப்பர்ப் பகுதி செய்கிறது.

மூன்றாவது ஸ்ரேர்ன் டிரைவ். இயந்திரம் உள்ளே, விசிறியோடு கூடிய கால் பின்னால் வெளியே. சுவீடனின் வொல்வோ பென்ரா கம்பனி 1959இல் இதை அறிமுகம் செய்தது. இதுவும் அடிபட்டால் மேலே எழும்பக்கூடியது. வாவிகளில் நீங்கள் காணும் குடும்பப் படகுகள் பலவற்றில் இது இருக்கிறது.

நான்காவது புதியது. பொட் டிரைவ் என்பார்கள். படகின் அடியில் ஓட்டை வைத்து, சுழலும் கால்களை நேராகக் கீழே இறக்கியிருப்பார்கள். கால் முழுவதும் திரும்புவதால் சுக்கான் தேவையில்லை. ஒரு சிறிய கைப்பிடியைத் தள்ளினால் பெரிய படகும் பக்கவாட்டாக நகர்ந்து துறையில் ஒட்டிக்கொள்ளும். வொல்வோ பென்ராவின் ஐபிஎஸ் என்ற முறை 2005ஆம் ஆண்டளவில் சந்தைக்கு வந்தது. அதில் விசிறிகள் முன்பக்கம் பார்த்திருக்கும். படகைப் பின்னாலிருந்து தள்ளாமல் முன்னாலிருந்து இழுக்கும். கலங்காத தண்ணீரில் சுழல்வதால் எரிபொருள் மிச்சம். ஆனால் யோசித்துப் பாருங்கள்: வழியில் ஒரு மரக்குற்றி கிடந்தால் அதை முதலில் சந்திப்பது அந்த விசிறிதான். சீயஸ் என்ற இன்னொரு முறையில் விசிறிகள் பின்பக்கம் பார்த்திருக்கும், அடிப்பகுதியில் குடைந்த பள்ளத்துக்குள் கொஞ்சம் ஒதுங்கியும் இருக்கும்.

பொட் கால் அவுட்போட்டைப் போல மேலே எழும்பாது. அதனால் செய்தவர்கள் வேறொரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். கடுமையாக அடிபட்டால் காலே முறிந்து கழன்று விழும். படகின் அடி பிளக்காமல், தண்ணீர் புகாமல் இருக்க வேண்டும் என்பது நோக்கம். பழைய ஆணியின் அதே தத்துவம். வித்தியாசம் ஒன்றுதான்: அங்கே முறிவது சில காசு, இங்கே முறிவது பல்லாயிரம் டொலர். உயிரையும் படகையும் காப்பாற்றப் பணத்தைப் பலிகொடுக்கும் ஏற்பாடு. அது சரியான முடிவு. ஆனால் அந்தப் பணம் யாருடையது என்பதை வாங்கும்போதே யோசிக்க வேண்டும்.

இது சிறிய படகுகளின் பிரச்சினை மட்டுமென்று எண்ண வேண்டாம். குயின் மேரி 2 என்ற புகழ்பெற்ற பயணிகள் கப்பலின் நீளம் 345 மீற்றர். அதன் அடியில் நான்கு பொட்கள். 2006 ஜனவரியில் புளோரிடாவின் போர்ட் லோடர்டேல் துறைமுகத்தை விட்டு வெளியேறும்போது ஒரு பொட் கால்வாயின் ஓரத்தில் மோதிப் பழுதடைந்தது. கப்பல் தாழவில்லை. யாருக்கும் காயமில்லை. ஆனால் வேகம் குறைந்தது. வழியில் தரிக்க வேண்டிய துறைமுகங்களைத் தவிர்த்து றியோ டி ஜெனிரோவை நோக்கிப் போக வேண்டியதாயிற்று. பயணிகள் கொதித்தெழுந்து, இறங்கமாட்டோம் என்று போராட்டம் செய்யப்போவதாக எச்சரித்தார்கள். இறுதியில் கம்பனி பணத்தைத் திருப்பிக் கொடுக்க முன்வந்தது. ஓரத்தில் பட்ட ஓர் அடிக்குக் கட்டிய விலை அது.

இனி வேகத்தைப் பற்றி ஒரு கணக்கு. மோதலின் சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் அடி நான்கு மடங்கு. 5 நொட்டில் போகும் படகு 20 நொட்டில் போனால், அதாவது மணிக்கு 37 கிலோமீற்றரில் போனால், அடி 16 மடங்கு. கடனட்டை வட்டியைவிட மோசமாக ஏறும் கணக்கு இது. அந்த வேகத்தில் மரக்குற்றியில் அடிபட்ட அவுட்போட், பூட்டு முறிந்து படகுக்குள்ளேயே பாய்ந்து விழுந்த சம்பவங்களும் உண்டு. பின் இருக்கையில் பிள்ளைகளை ஏற்றுகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விடயம். அவுட்போட் மேலே எழும்பித் தப்பிக்கொள்ளும் என்றேனே, அது முன்னோக்கிப் போகும்போது மட்டுந்தான். பின்னோக்கி எடுக்கும்போது இயந்திரம் எழும்பாதபடி பிடித்து வைக்கப்பட்டிருக்கும். ஆகவே கரையிலிருந்து பின்னுக்கு எடுக்கும்போது மெதுவாக வந்தாலும் கல்லில் பட்டால் முழு அடியும் காலுக்கும் பின்பலகைக்குமே போகும்.

ஒன்ராறியோவில் ஏன் இவ்வளவு கல்? ஜோர்ஜியன் விரிகுடாவின் கிழக்குக் கரையை முப்பதாயிரம் தீவுகள் என்றே அழைக்கிறார்கள். எல்லாம் பழங்காலக் கரும்பாறை. வெளியே தெரிவது தீவு. தெரியாமல் ஒரு முழ ஆழத்தில் கிடப்பது ஆபத்து. அதோடு மரம் வெட்டி ஆறுகளில் மிதக்கவிட்ட காலத்தில் தப்பிய குற்றிகள் நீரில் ஊறி, தலை மட்டும் நீர்மட்டத்தோடு நிற்க, செங்குத்தாக மிதப்பதும் உண்டு. மேலும், ஹியூரன் ஏரியின் மட்டம் ஒவ்வொரு வருடமும் ஒன்றல்ல. 1986 ஒக்டோபரின் உச்ச மட்டத்துக்கும் 2013 ஜனவரியின் மிகத் தாழ்ந்த மட்டத்துக்கும் இடையில் கிட்டத்தட்ட 2 மீற்றர் வித்தியாசம். 2020இல் மீண்டும் தண்ணீர் ஏறி நின்றது. 'போன முறை இதால்தான் வந்தோம், ஒன்றும் படவில்லை' என்ற பேச்சு அங்கே செல்லாது. வரைபடத்தைப் பாருங்கள். அதில் ஆழம் மீற்றரிலா அடியிலா என்று கட்டாயம் பாருங்கள். பழைய வரைபடங்கள் அடிக்கணக்கில் இருக்கும்.

அடிபட்ட பிறகு என்ன நடக்கிறது? பலர் விசிறியைப் பார்க்கிறார்கள், ஓரத்தில் சிறிய நெளிவுதானே என்று விடுகிறார்கள். அங்கேதான் செலவு வளர்கிறது. நெளிந்த விசிறி சமநிலை தப்பிச் சுழலும். அந்த அதிர்வு தண்டுக்கும் பெயரிங்குக்கும் போகும். எண்ணெயைக் காக்கும் இறப்பர் சீல் தேயும். அதற்குள்ளால் தண்ணீர் கியர்ப் பெட்டிக்குள் நுழையும். கியர் ஒயில் பால் கலந்த தேநீர் நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். அப்படியே விட்டால் பற்சக்கரங்கள் துருப்பிடிக்கும். குளிர்காலத்தில் அந்தத் தண்ணீர் உறைந்து பெட்டியையே வெடிக்க வைக்கும். ஓகஸ்டில் பட்ட அடியின் பில் மே மாதத்தில் வருவது இப்படித்தான். பழைய படகு வாங்குகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் கியர் ஒயிலைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். விசிறிக்குக் கீழேயுள்ள செட்டை புதிதாக ஒட்டுப்போட்டதா, பெயின்ற் மட்டும் புதிதா என்றும் பாருங்கள்.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் படகு வாடகைக்கு எடுத்தபோது, சேதத்துக்கான பாதுகாப்பு என்று நாளொன்றுக்கு மேலதிகப் பணமும் கட்டியது. கல்லில் பட்டது. வைப்புப் பணம் முழுவதும் போனது, அதற்கு மேலும் பில் வந்தது. ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில், விசிறியும் கியர்க் காலும் இந்தப் பாதுகாப்பில் அடங்காது என்று இருந்தது. அதிகம் அடிபடுவது எதுவோ, அதுதான் விலக்கப்பட்டிருந்தது! இப்படியான விலக்கு பல ஒப்பந்தங்களில் இருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்: கால் அடங்குமா? முதலில் என் கையிலிருந்து எவ்வளவு? வார்த்தையாகச் சொன்னால் போதாது, எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். கடனட்டையில் வரும் வாடகைக் கார்க் காப்புறுதி பெரும்பாலும் படகுக்குச் செல்லாது.

சொந்தப் படகுக்குக் காப்புறுதி எடுக்கிறவர்கள் மூன்றைப் பார்க்க வேண்டும். தண்ணீருக்குள் கிடக்கும் பொருளில் மோதினால் ஈடு உண்டா? இயந்திரத்துக்குப் புதிய விலையா, பெறுமானத்தேய்வு கழித்த விலையா? வழமையான தேய்மானம் என்று எதை விலக்குகிறார்கள்? அடிபட்டு மாதக்கணக்கில் அறிவிக்காமல் ஓட்டினால், சீல் தானாகத் தேய்ந்தது என்று அவர்கள் சொல்ல இடமுண்டு. ஆகவே அடிபட்ட அன்றே திகதி, நேரம், இடம் எழுதி, படமும் எடுத்து அறிவித்துவிடுங்கள். தாளில் இல்லாதது கணக்கில் இல்லை.

கடைசியாக, பணத்தைவிடப் பெரிய விடயம். எங்கள் சமூகத்தில் நீந்தத் தெரியாதவர்கள் ஏராளம். கடல் கடந்து உயிர் தப்பி வந்தவர்களும் எங்களுக்குள்ளே இருக்கிறார்கள். இராமேஸ்வரம் பக்க மணல்திட்டில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கியவர்களுக்கு, படகு நின்றுபோவது என்றால் என்னவென்று தெரியும். அப்படி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளை ஒரு விடுமுறை நாளில் தண்ணீருக்குக் கொடுக்கக் கூடாது. இந்த நாட்டில் 2009 செப்ரெம்பர் 15 முதல் இயந்திரம் பூட்டிய இன்பப் படகு ஓட்டும் எவரிடமும் தகைமைக்கான அத்தாட்சி இருக்க வேண்டும். வாடகைக்காரர் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கும் பாதுகாப்புப் பட்டியல் அந்த வாடகைக் காலத்துக்குப் போதும் என்கிறது சட்டம். சட்டத்துக்குப் போதும், ஆனால் பாறைக்குப் போதாது. அட்டையைப் படித்தே எடுத்துவிடுங்கள்.

அடிபட்டால் செய்ய வேண்டியவை இவை. இயந்திரத்தை உடனே நிறுத்துங்கள். ஆட்களை எண்ணுங்கள். எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி. முன்கூட்டியே போட்டிருந்தால் இன்னும் நல்லது. படகின் அடியில் தண்ணீர் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால், கல்லில் இருக்கும் படகை அவசரப்பட்டு இழுக்க வேண்டாம். ஓட்டையை அடைத்திருப்பது அந்தக் கல்லாகவே இருக்கலாம். உதவி கேளுங்கள். தண்ணீர் ஏறாவிட்டால் நங்கூரம் போட்டு, காலைத் தூக்கிப் பாருங்கள். மீண்டும் இயக்கும்போது அதிர்வு இருந்தால் மிக மெதுவாகக் கரைக்கு வாருங்கள். ஓட்டுகிறவர் அவசர நிறுத்தக் கயிற்றை எப்போதும் உடலில் கொழுவியிருக்க வேண்டும். அவர் விழுந்தால் இயந்திரம் நிற்கும், விசிறி யாரையும் வெட்டாது.

அன்பான நேயர்களே, படகு எடுங்கள், பிள்ளைகளோடு சந்தோசமாகப் போய் வாருங்கள். தெரியாத தண்ணீரில் மெதுவாகப் போங்கள், ஒப்பந்தத்தின் பின்பக்கத்தை வாசியுங்கள். இந்த இரண்டுக்கும் காசு செலவில்லை. அடுத்த மாதம் இன்னொரு விடயத்தோடு சந்திக்கும் வரை உங்களிடமிருந்து விடைபெறுகிறேன்.