காக்கையின் முன்னோர் யார்?

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஆற்றிய உரை)

 

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் காக்கைக்குப் பஞ்சமில்லை. கழுத்து சாம்பல் நிறமாக இருக்கும் வீட்டுக் காக்கையைச் சொல்கிறேன். அது இந்த மண்ணின் பறவையன்று. 1890களில், காப்பித் தோட்டங்களை அரித்த புழுக்களைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து கிள்ளான் பகுதிக்குக் கொண்டுவந்து விட்டார்கள். நம்மவர்களைப் போலவே தோட்ட வேலைக்காகக் கடல் கடந்து வந்த ஜீவன்! அமாவாசையன்று நம் முன்னோரை நினைத்து அதற்குச் சோறு வைக்கிறோம். சரி, அந்தக் காக்கையின் முன்னோர் யார்?

விஞ்ஞானிகள் சொல்லும் பதில்: டைனோசர். அதுமட்டுமல்ல; காக்கை, கோழி, கிளி எல்லாமே இன்றும் உயிரோடிருக்கும் டைனோசர்கள்தாம் என்கிறார்கள். சிரிக்காதீர்கள், காரணம் சொல்கிறேன்.

நம் வீடுகளில் சொந்தத்தை எப்படிக் கணக்கிடுகிறோம்? மூக்கும் முழியும் ஒரே மாதிரி இருந்தால் மட்டும் பங்காளி ஆகிவிடுவார்களா? ஒரே பாட்டன் வழியில் வந்தால்தான் பங்காளி. உயிரினங்களையும் விஞ்ஞானிகள் இன்று இப்படித்தான் வகைப்படுத்துகிறார்கள். வௌவால் பறக்கிறது, ஆனால் அது பறவையன்று, குட்டி போட்டுப் பால் கொடுக்கும் இனம். முதலையும் உடும்பும் பார்வைக்கு அண்ணன் தம்பி. ஆனால் முதலைக்கு உடும்பைவிடக் கோழிதான் நெருங்கிய சொந்தம்! பறவைகளும் முதலையும் உடும்பின் வழியில் சேராத ஒரு பழைய பாட்டனுக்குப் பிறந்தவை. முதலையின் இதயத்தில் கோழிக்கு இருப்பதுபோல் நான்கு அறைகள் உண்டு. உடும்புக்கு அப்படி இல்லை.

டைனோசர் சொந்தத்துக்கு என்ன சாட்சி? அடுத்த முறை கோழி அறுக்கும்போது தாய்மார்கள் கவனியுங்கள். நெஞ்சுப் பகுதியில் கவட்டை போல் ஓர் எலும்பு இருக்கும். இரண்டு காலில் நடந்த ஊனுண்ணி டைனோசர்களுக்கும் அதே கவட்டை எலும்பு இருந்தது. கோழிக்குப் போலவே அவற்றுக்கும் உள்ளே காற்று புகும் எலும்புகள் இருந்தன. 1861இல் ஜெர்மனியில் ஒரு புதைபடிவம் வெளிப்பட்டது: பறவைபோல் இறகு, டைனோசர்போல் பல்லும் நீண்ட எலும்பு வாலும்! 1996இல் சீனாவில் மெல்லிய தூவல் போர்த்த சிறிய டைனோசரே கிடைத்தது. சாட்சிகள் இப்படி ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்தன.

‘அதெல்லாம் வெளிநாட்டுக் கதை’ என்று நினைத்துவிடாதீர்கள். கோலாலம்பூரில் இருக்கும் நம் மலாயாப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், ஜப்பானிய ஆய்வாளர்களோடு சேர்ந்து, 2012இல் பகாங்கில் ஒரு பல்லைக் கண்டெடுத்தார்கள். நீளம் ஏறக்குறைய 23 மில்லிமீட்டர். சுண்டுவிரல் நுனி அளவுதான். ஏழரைக் கோடி ஆண்டுகளுக்குக் குறையாத பழமை உடையது. 2014 பிப்ரவரியில் உலகுக்கு அறிவித்தார்கள். மலேசியாவில் உறுதி செய்யப்பட்ட முதல் டைனோசர் புதைபடிவம் அது. மீன் பிடித்துத் தின்னும் ஸ்பைனோசர் இனத்தின் பல். அந்த இனம் நம் கோழியின் பங்காளி வீடு. அதே ஆண்டில், பகாங்கிலேயே கிடைத்த மற்றொரு பல்லையும் அறிவித்தார்கள். இது இலை தழை தின்னும் வேறொரு பெரும் பிரிவைச் சேர்ந்தது.

இங்கேதான் வேடிக்கை! 1887இல் சீலி என்ற ஆங்கிலேய அறிஞர், இடுப்பெலும்பைப் பார்த்து டைனோசர்களை இரண்டாகப் பிரித்தார்: ‘பறவை இடுப்பினம்’, ‘பல்லி இடுப்பினம்’. பறவை எதிலிருந்து வந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? பல்லி இடுப்பினத்திலிருந்து! பகாங்கின் இரண்டாவது பல்தான் ‘பறவை இடுப்பினம்’. பெயர் ஒன்று சொல்கிறது, பிறப்பு வேறொன்று சொல்கிறது. தோற்றத்தை மட்டும் பார்த்தால் இப்படித்தான் ஏமாறுவோம்.

நம் முன்னோர் பலர் கப்பலேறிய திருச்சிச் சீமையிலும் ஒரு பாடம் இருக்கிறது. அரியலூருக்கு அருகில் கல்லமேட்டில் மிகப் பெரிய எலும்புகள் கிடைத்தன. 1980களின் பிற்பகுதியில் யாதகிரி, அய்யாசாமி என்ற இரு ஆய்வாளர்கள் அதற்குப் ‘ப்ருஹத்காயசாரஸ்’ என்று பெயரிட்டார்கள். பெரிய உடல் கொண்டது என்று பொருள். முதலில் அதை ஊனுண்ணி வரிசையில் வைத்தார்கள். பின்னர் எலும்பை மீண்டும் ஆராய்ந்து, நீண்ட கழுத்துத் தாவர உண்ணி வரிசைக்கு மாற்றினார்கள். சான்று மாறினால் முடிவும் மாறும். அதுதான் விஞ்ஞானத்தின் பெருமை.

பெற்றோர்களே! ‘சயன்ஸ் எல்லாம் நம்ம பிள்ளைக்கு வராதுங்க’ என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஏன் வராது? செம்பனை மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பழத்தைப் பார்த்தே, மேலே குலை பழுத்துவிட்டது என்று நீங்கள் கண்டுகொள்கிறீர்கள். சின்னத் தடயத்தைக் கொண்டு கண்ணுக்கெட்டாததைச் சொல்வதுதானே இது? ஒரு பல்லை வைத்து ஒரு மிருகத்தையே அறிந்தவர்களும் இதைத்தான் செய்தார்கள். அந்தக் கண் உங்களிடம் இருக்கிறது; பிள்ளையிடமும் இருக்கிறது. பிள்ளை வந்து, ‘அப்பா, கோழி எப்படி டைனோசர் ஆகும்?’ என்று கேட்டால், ‘சும்மா கெட, போய்ப் படி’ என்று விரட்டாதீர்கள். அந்தக் கேள்விதான் படிப்பு. பதில் தெரியாவிட்டால், ‘நாளைக்கு டீச்சரைக் கேட்டு வந்து எனக்கும் சொல்லு’ என்று அனுப்புங்கள். இடைநிலைப் பள்ளிக்குப் போய் அவன் அறிவியல் பாடங்களை விரும்பினால், பயந்து தடுக்காதீர்கள்.

மாணவச் செல்வங்களே! ‘கோழி ஒரு பறவை’ என்று மனப்பாடம் செய்தால் ஒரு மதிப்பெண். ‘ஏன் பறவை? யாருக்குச் சொந்தம்?’ என்று கேட்டால் ஏழரைக் கோடி ஆண்டுகளுக்கும் அப்பால் உங்கள் அறிவு நடக்கும். பகாங்கில் அந்தப் பல் கிடந்த பாறையை எத்தனையோ கண்கள் பார்த்திருக்கலாம். பார்க்கக் கற்றவர்களுக்குத்தான் அது பல்லாகத் தெரிந்தது. அடுத்த பல்லைக் கண்டெடுக்கும் கை நம் பள்ளிப் பிள்ளையின் கையாக இருக்கட்டும் என்று வாழ்த்தி விடைபெறுகிறேன்.