தூண்டிலும் வள்ளமும்



சங்கப் புலவர்கள் சிலரின் இயற்பெயர் நமக்குத் தெரியாது. அவர்கள் கையாண்ட உவமையே அவர்களுக்குப் பெயராகி நிலைத்துவிட்டது. குறுந்தொகையின் 54ஆம் பாடலைப் பாடியவர் மீனெறி தூண்டிலார். தினைப்புனம் காப்போரின் கவண் ஒலிக்கு வெருண்ட காட்டு யானை, தான் வளைத்துப் பிடித்திருந்த பச்சை மூங்கிலைக் கைவிடுகின்றது. மூங்கில் விசுக்கென்று மேலே எழும்புகின்றது. மீன் கவ்வியதும் சுண்டி இழுத்த தூண்டிலைப் போல எழும்புகின்றது என்கிறார் புலவர். ஒரு தடவையேனும் தூண்டில் பிடித்து நின்றவருக்கே இந்த உவமை வாய்க்கும் என்று வகுப்பில் நான் சொல்வதுண்டு. பின் வாங்கில் இருக்கும் உடப்புப் பிள்ளைகள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அவர்களுக்கு அது செய்தியே அல்ல.

இப்பாடல் குறிஞ்சித் திணைக்கு உரியது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். தூண்டில் மலைக்கு ஏறிவிட்டது, வள்ளம் ஏறவில்லை. நெய்தலுக்கு இறங்கி வந்தால் திமில், அம்பி, தோணி என்று வகைவகையாக வருகின்றன. பட்டினப்பாலையிலே உப்பை விற்று நெல் ஏற்றி வந்த பஃறிகளைத் தறிகளிலே கட்டி வைத்திருக்கிறார்கள். லாயத்துக் குதிரைகளைப் போலக் கட்டியிருந்தனவாம். உப்பளங்கள் உள்ள புத்தளத்தில் இருந்துகொண்டு இதைப் படிப்பிப்பதில் எனக்கொரு தனி மகிழ்ச்சி. அது கிடக்க, வள்ளத்தைக் குதிரை என்று கண்ட கண் பெரிய கண். குதிரை என்றால் அதைக் கட்ட வேண்டும், அவிழ்க்க வேண்டும், அதன் குணமறிந்து நடக்க வேண்டும். தூண்டிலுக்கு இந்த உபத்திரவம் ஒன்றுமில்லை.

ஆகவே, மீன் பிடிக்கப் போகிறவன் வள்ளத்தையும் கொண்டுபோவதா, தூண்டிலோடு மட்டும் போவதா? இதைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன். இந்தக் கேள்வியை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவர் என் மனைவியின் தம்பி. கனடாவிலே ஒன்ராறியோ மாகாணத்தில் இருக்கிறார். அங்கே ட்ரவுட் என்ற மீனைத் தேடிப் போவது அவருடைய பெரும் பொழுதுபோக்கு.

ட்ரவுட் நமக்கு முற்றிலும் அந்நியமானதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே வெள்ளைக்காரர் அதை நுவரெலியாப் பகுதியின் குளிர்ந்த ஆறுகளுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். ஹோட்டன் சமவெளியின் ஓடைகளிலும் அது உண்டு. அங்கெல்லாம் வள்ளத்துக்கு வேலை இல்லை. கரையிலோ முழங்கால் அளவு நீரிலோ நின்று தூண்டில் வீசினாற் போதும். ஒன்ராறியோவின் ஏரிகளில் கதை வேறு. அங்குள்ள ஏரி ட்ரவுட் குளிர்நீரை விட்டு விலகாது. வசந்தத்தில் பனிக்கட்டி உருகியதும் கரையோரத்துக்கு வரும். கோடையில் மேல்நீர் சூடேறியதும் ஆழத்துக்கு இறங்கிவிடும். அப்பொழுது கரையில் நிற்பவனுக்குக் கிடைப்பது வெயில் மட்டுந்தான் என்பார் மைத்துனர்.

ஆனால் படகென்றால் அதைக் காரின் கூரையில் ஏற்றிக் கட்ட வேண்டும். இறக்க வேண்டும். ஓர் ஏரியிலிருந்து மறு ஏரிக்குக் காட்டுப் பாதையிலே தோளில் சுமக்க வேண்டும். ஏறுகிற ஒவ்வொருவருக்கும் ஓர் உயிர்காப்பு அங்கி படகில் இருந்தாக வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். பனி உருகிய நாட்களில் நீரின் வெப்பம் நாலைந்து பாகைதான். அதில் விழுந்தவனுக்குச் சில நிமிடங்களிலேயே கைகால்கள் இயங்க மறுத்துவிடும். நீச்சல் தெரிந்தாலும் உதவாது. இதனால் ஒவ்வொரு பயணத்துக்கும் முதல் நாள் இரவு அவர் வீட்டில் இது ஒரு வழக்காடு மன்றமாகவே நடக்குமாம்.

சென்ற ஆண்டு தை மாதத்தில் அவர் விடுமுறையில் உடப்புக்கு வந்தார். வந்த மறுநாளே, “அத்தான், களப்புக்குத் தூண்டில் போடப் போவமா? வள்ளம் எடுக்கிறதா, வேண்டாமா?” என்று தொடங்கிவிட்டார்.

புத்தளம் களப்பைப் பார்த்தவர்களுக்கு அது நியாயமான கேள்வி என்பது விளங்கும். முப்பதாயிரம் ஹெக்டயருக்கு மேற்பட்ட அந்த நீர்ப்பரப்பில் பெரும்பகுதி ஓர் ஆள் ஆழங்கூட இல்லாதது. கற்பிட்டித் தீபகற்பத்தின் உட்கரையிலிருந்து இடுப்பளவு நீரிலே நெடுந்தூரம் நடக்கலாம். வீச்சுவலைக்காரர் அப்படித்தான் தொழில் செய்கிறார்கள். நடக்கும்போது காலைத் தூக்கி வைக்கக்கூடாது; தேய்த்துத் தேய்த்து நகர வேண்டும். சேற்றிலே திருக்கை புதைந்து கிடக்கும். மிதித்தால் வாலால் அடிக்கும். தேய்த்துப் போனால் தானே விலகிவிடும். எஞ்சின் வள்ளம் கொண்டுபோனாலோ சாதாளைப் பற்றைகளிலே விசிறி சிக்கிக்கொள்ளும். ஆகவே வள்ளம் வேண்டாம், நடந்தே போவோம் என்று நாங்கள் இருவரும் ஏறக்குறைய முடிவு கட்டினோம்.

திண்ணையில் இருந்த மாமா ஒன்றும் பேசவில்லை. மாமா என்றால் என் மனைவியின் தகப்பனார். எழுபத்தைந்து வயது. நாற்பது வருடம் கரைவலையில் உழைத்தவர். கயிற்றின் ஒரு தலைப்பைக் கரையில் விட்டுவிட்டு வள்ளம் வலையை வளைத்துக் கடலில் இறக்கி, மறு தலைப்பைக் கரையின் வேறோர் இடத்துக்குக் கொண்டுவரும். அதன் பிறகு மணிக்கணக்கில் இழுப்பது முழுவதும் மணலில் நிற்பவர்களின் வேலை. அந்த இழுவைக்குப் பிறந்தவைதான் அம்பாப் பாடல்கள். இயந்திரத்தால் கயிறு சுற்றத் தொடங்கிய இடங்களிலே பாட்டும் நின்றுபோயிற்று. அதைப் பற்றி ஒரு தனிப்பேச்சே பேச வேண்டும். மாமா வள்ளத்தில் போனவர். பின்பக்கம் நின்று துடுப்புப் பிடித்தவர். நான்கு வருடமாக இரு முழங்கால்களும் அவரை மறித்துவிட்டன. வாசலில் இருந்து கோயில் வரைக்கும் நடப்பதே பெரும்பாடு.

நடந்து போவது என்று நாங்கள் தீர்மானித்தால், அவரை விட்டுவிட்டுப் போகிறோம் என்பதே அதன் பொருள். மைத்துனர் பத்து நாளில் திரும்பிவிடுவார். அடுத்த முறை வரும்போது தகப்பனார் எந்த நிலையில் இருப்பார் என்று யாரால் சொல்ல முடியும்? இதை நாங்கள் வாய்விட்டுச் சொல்லவில்லை. இரவுச் சாப்பாட்டின் போது என் மனைவிதான், “அப்பாவும் வாறதெண்டால் வள்ளம் வேணுமே” என்று சோற்றைப் போட்டபடியே சொன்னார்.

அதோடு வழக்கு முழுவதும் மாறிவிட்டது. மைத்துனர் உயிர்காப்பு அங்கி இல்லாமல் அப்பாவை ஏற்ற மாட்டேன் என்றார். களப்பிலே நின்றால் இடுப்பளவு தண்ணீர், அதற்கு எதற்கு அங்கி என்று வள்ளக்காரர் சிரித்தார். எழுந்து நிற்க முடியாதவருக்கு இடுப்பளவும் ஆழந்தான் என்பதை அவருக்கு விளக்க வேண்டியிருந்தது. கற்பிட்டியில் டொல்பின் காட்டச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப் போகும் ஒருவரிடம் மூன்று அங்கிகளை வாடகைக்கு வாங்கினோம். செம்மஞ்சள் நிறம். மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போட்டுக்கொண்டார்.

அவர் கேட்டது இரண்டே கேள்விகள். எஞ்சின் பூட்டுவதா? காற்று எத்தனை மணிக்கு எழும்பும்? எஞ்சினை அவரே வேண்டாமென்றார். மரக்கோலால் தாங்கிப் போனாற் போதும் என்றார். பகல் ஏற ஏறக் களப்பிலே காற்றும் ஏறும். ஆழமில்லாத நீரில் அலை குறுகலாகவும் கோபமாகவும் எழும். பத்து மணிக்குள் கரை சேர்ந்துவிட வேண்டும் என்பது அவருடைய கட்டளை.

விடியுமுன் வானில் புறப்பட்டோம். பாலாவிச் சந்தியில் திரும்பும்போது கிழக்கு வெளுக்கவில்லை. கரையில் வள்ளக்காரரும் மைத்துனரும் கைகோத்து மாமாவை இருத்தித் தூக்கி ஏற்றினார்கள். முந்நூறு யார் போனதும் வள்ளத்தை மரக்கோலில் கட்டினோம். அந்தப் பட்டினப்பாலைக் குதிரை எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. மாமா வள்ளத்துக்குள்ளே இருந்தார். நாங்கள் இருவரும் இறங்கி, வள்ளத்தின் இரு பக்கமும் நீரில் நின்று தூண்டில் போட்டோம். மைத்துனரின் கையிலே கனடாத் தூண்டில், மாமாவின் கையிலே வெறும் நரம்பும் இறால் துண்டும்.

மீனென்று சொல்ல அதிகமில்லை. நாலு சிறு விளைமீன், ஒரு கெளிறு. கெளிறு மாமாவுக்குத்தான் பட்டது. அதன் செட்டை முள் குத்தினால் கை நாள்முழுக்கக் கடுக்கும். மகன் குறடு தேடுவதற்குள் அவர் பெருவிரலை முள்ளின் பின்னால் கொடுத்துப் பிடித்து, தூண்டிலைக் கழற்றி, முள்ளையும் முறித்துப் போட்டுவிட்டார். ஒன்பதரைக்கு முகத்தைத் தெற்கே திருப்பினார். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. “எடு” என்றார். எடுத்தோம். கரைக்கு வந்து அவரை இறக்கும்போது களப்பு முழுவதும் வெள்ளை வெள்ளையாக நுரைத்துக்கொண்டிருந்தது.

இந்தச் சித்திரையில் மைத்துனர் தொலைபேசியில் பேசினார். ஏரியில் பனி உருகிவிட்டதாம். அந்தக் கிழமை முடிவில் ட்ரவுட்டுக்குப் போகிறாராம். படகு கொண்டுபோவதா என்று இன்னும் யோசிக்கிறாராம். மாமா தொலைபேசியை வாங்கி, “உன்னோட யாரு வாறது?” என்று கேட்டார். ஆறு வயது மகன் வருகிறான் என்று பதில் வந்தது. தண்ணீர் எப்படி என்று கேட்டார். ஐஸ் போல என்றார் மகன்.

“அப்ப கரையில நில்லு” என்று சொல்லிவிட்டு மாமா தொலைபேசியை என்னிடம் தந்தார்.