அடைபட்டோரைக் காணச் செல்வோம்

(ஜூபிலி விழாவையொட்டி நம் பங்கில் நடைபெற்ற கருத்தரங்கில், வின்சென்ட் தே பவுல் சபை உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)

 

ஜூபிலி என்றதும் நமக்குக் கொடியேற்றமும், தேர்ப்பவனியும், வாணவேடிக்கையும் நினைவுக்கு வருகின்றன. அவை வேண்டியவைதாம். ஆனால் பழைய ஏற்பாட்டு மக்களுக்கு ஜூபிலி ஆண்டு என்பது, அடிமைப்பட்டவன் தன் வீட்டுக்கும் தன் சொந்தங்களிடமும் திரும்பிப் போகும் ஆண்டாக இருந்தது. லேவியர் ஆகமத்தின் 25-ஆம் அதிகாரத்தைப் படித்தவர்கள் இதை அறிவார்கள். ஆகவேதான், வீடு திரும்ப முடியாமல் அடைபட்டிருக்கும் சிலரைப் பற்றியும், அவர்களைக் காணச் சென்று வரும் குடும்பங்களைப் பற்றியும் பேச நான் அனுமதி கேட்டேன்.

சிறைச்சாலை நமக்குத் தெரியும். புழல் மத்திய சிறை நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் 'சிறப்பு முகாம்' என்பது என்னவென்று நம்மில் பலருக்குத் தெரியாது. இலங்கைத் தமிழர் நெடுங்காலமாய்க் குடும்பத்தோடு வாழும் முகாம்கள் தமிழகத்தில் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. காவாங்கரையில் ஒன்று, கும்மிடிப்பூண்டியில் ஒன்று. அவற்றுக்கு 2021-இல் அரசு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. அங்குள்ளவர் காலையில் வேலைக்குப் போய் மாலையில் திரும்பலாம். சிறப்பு முகாமோ வேறு. அதற்கு மதில் உண்டு, பூட்டு உண்டு, காவல் உண்டு. 1990-இல் வேலூர்க் கோட்டையில் தொடங்கி, பின்பு பூந்தமல்லி, செங்கற்பட்டு என்று இவை நடந்து வந்தன. இப்போது திருச்சி மத்திய சிறை வளாகத்திலுள்ள முகாமே பலரும் அறிந்தது. இலங்கைத் தமிழரோடு வேறு நாட்டவரும் அங்கே வைக்கப்பட்டதுண்டு.

சிறைக்கும் இதற்கும் உள்ள பெரிய வேற்றுமையைச் சொல்லுகிறேன். சிறையில் தண்டனை பெற்றவனுக்கு நாள் கணக்கு உண்டு. இத்தனை ஆண்டு என்று தாய் விரல்விட்டு எண்ணலாம். சிறப்பு முகாமில் இருப்பவனுக்கு அந்தக் கணக்கு இல்லை. ஒருவன் மீது வழக்கு வருகிறது. நீதிமன்றம் ஜாமீன் கொடுக்கிறது. வீட்டில் சோறு வடித்துக் காத்திருக்கிறார்கள். அவனோ சிறை வாசலிலிருந்து நேரே முகாமுக்குக் கொண்டு போகப்படுகிறான். ஏனென்றால், அயல்நாட்டவர் இன்ன இடத்தில்தான் தங்க வேண்டும் என்று ஆணையிடும் அதிகாரத்தை 1946-ஆம் ஆண்டின் அயல்நாட்டவர் சட்டம் அரசுக்குக் கொடுத்திருந்தது. அச்சட்டம் போய், 2025 செப்டம்பர் 1 முதல் குடிவரவு மற்றும் அயல்நாட்டவர் சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. 2015 ஜனவரி 9-க்கு முன் இங்கு வந்து அடைக்கலம் புகுந்து, பதிவு செய்துள்ள இலங்கைத் தமிழருக்கு, பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாத குற்றத்துக்கான தண்டனையிலிருந்து விலக்கும் அளிக்கப்பட்டது. இது நல்ல செய்தி. ஆயினும் 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் நம் நாடு கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் நம்மிடம் இல்லை.

இது யாருக்கோ நேர்ந்தது என்று நாம் இருந்துவிட முடியாது. நம் வடசென்னையே கப்பலில் வந்து இறங்கியவர்களால் நிறைந்த ஊர். 1962-க்குப் பின் பர்மாவில் கடைகண்ணிகளையெல்லாம் இழந்து வந்தவர்களை இந்தத் துறைமுகம்தான் ஏற்றுக்கொண்டது. வியாசர்பாடியிலும் எண்ணூர்ப் பக்கத்திலும் அவர்கள் பிள்ளைகள் நம்மோடு வாழ்கிறார்கள். கடற்கரை நிலையத்துக்கு எதிரே அத்தோ சாப்பிடாதவர் நம்மில் யார்? அதுபோலவே, எல்லை தாண்டினார் என்று பிடிபட்டு, யாழ்ப்பாணச் சிறையில் வாடும் தமிழக மீனவரின் மனைவிமார் படும் பாட்டைக் கடலோரத்தில் பிறந்த நமக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

முகாமுக்குப் போய்வரும் ஒரு பெண்ணின் பயணத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். கும்மிடிப்பூண்டியில் மாலையில் புறநகர் ரயிலேறி, நகருக்கு வந்து, எழும்பூர் போய், இரவு மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் பொதுப்பெட்டியில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு விடிய விடியப் போக வேண்டும். மனுவும் அடையாள அட்டையும் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். ஒரு தாளில் குறை இருந்தால் அன்றைய பயணம் வீண். போக வர இரண்டு நாள் கூலி போயிற்று, செலவு வேறு. கிடைத்த கொஞ்ச நேரத்தில் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்வதா, மறைப்பதா? பிள்ளையோ, "அப்பா ஏன் நம்மகூட வரல?" என்று கேட்கும். அதற்கு என்ன பதில் சொல்வாள்?

நமக்குத் தூரமான இடங்களிலும் இதே கதைதான். 2021 அக்டோபரில் கனடாவை நோக்கிப் போன ஒரு படகு நடுக்கடலில் பழுதாகி, அதிலிருந்த தமிழர்கள் டியகோ கார்சியா என்னும் பிரிட்டிஷ் இராணுவத் தீவில் கரை சேர்க்கப்பட்டார்கள். அங்கே பயணிகள் விமானமே கிடையாது. எந்தத் தாயும் போய்ப் பார்க்க வழியில்லை. வேலியிட்ட கூடாரங்களில் மூன்றாண்டுக்கு மேல் இருந்தார்கள். 2024 டிசம்பரில் பெரும்பாலோர் இங்கிலாந்துக்குக் கொண்டு போகப்பட்டார்கள். அவர்களை அடைத்து வைத்தது சட்டத்துக்கு முரணானது என்று அதே மாதம் நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

ஆஸ்திரேலியாவில் பிலோவீலா என்று ஒரு சிற்றூர். நிலக்கரியும் மாடு வளர்ப்பும் அதன் பிழைப்பு. அங்கு வாழ்ந்த நடேசலிங்கம், பிரியா என்னும் ஈழத்துத் தம்பதியரையும் இரு பெண் குழந்தைகளையும் 2018 மார்ச்சில் ஒரு விடியற்காலையில் அதிகாரிகள் வந்து கொண்டு போனார்கள். மெல்பேர்ணில் ஒன்றரை ஆண்டு. பிறகு கிறிஸ்துமஸ் தீவில். அந்த ஊரார் என்ன செய்தார்கள்? "சட்டம் தன் வேலையைச் செய்கிறது, நமக்கென்ன?" என்று கதவை மூடிக்கொள்ளவில்லை. கடிதம் எழுதினார்கள், மனுவுக்குக் கையெழுத்து வாங்கினார்கள், தொலைபேசியில் ஆறுதல் சொன்னார்கள், நீதிமன்றச் செலவுக்குப் பணம் திரட்டினார்கள். நான்கு ஆண்டுகள் விடவில்லை. 2022 ஜூனில் அக்குடும்பம் அதே ஊருக்குத் திரும்பிற்று. ஆகஸ்டில் நிரந்தர விசாவும் கிடைத்தது. அந்த ஊரில் பெரிய மனிதர்கள் யாரும் இல்லை, நம்மைப் போன்றவர்கள்தாம்!

"குற்றம் செய்தவனுக்குமா இரக்கம்?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். நாட்டைக் காக்கவும் விசாரிக்கவும் அரசுக்குக் கடமை உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்ற சாந்தனை எடுத்துக்கொள்ளுங்கள். 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் அவரோடு மாண்டவர்களின் வீடுகளில் இன்றும் கண்ணீர் உண்டு. அதை நாம் மறக்கலாகாது. ஆனால் 2022 நவம்பர் 11-இல் உச்சநீதிமன்றம் சாந்தனை விடுவித்தபின், அவர் போன இடம் திருச்சி சிறப்பு முகாம். யாழ்ப்பாணத்தில் முப்பதாண்டுக்கு மேலாக வழி பார்த்திருந்த தாய்க்கு மகன் வரவில்லை. பிரயாண அனுமதி வந்த சில நாட்களில், 2024 பிப்ரவரி 28-இல், நோயுற்ற அவர் சென்னை அரசு பொது மருத்துவமனையில் இறந்தார். அந்தத் தாயிடம் உடல்தான் போய்ச் சேர்ந்தது. அவரைப் பற்றி நம் கருத்து எதுவாயினும் இருக்கட்டும். அந்தத் தாய் செய்த குற்றம் என்ன?

நம் ஆண்டவர், சிறையிலிருப்பவனைப் பார்க்க வருகிறவன் தம்மையே பார்க்க வருகிறான் என்று போதித்தபோது, அவன் குற்றவாளியா நிரபராதியா என்று பிரித்துச் சொல்லவில்லை. திருச்சபையும் இதை இரக்கச் செயல்களில் ஒன்றாக நமக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறது.

இனி, செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலாவது, குடும்பத்தார் கவனிக்க வேண்டியவை. முகாமில் வைக்கும் ஆணையின் நகலைக் கேட்டு வாங்கி, அதன் எண்ணையும் தேதியையும் குறித்து வையுங்கள். கொடுக்கும் மனு ஒவ்வொன்றுக்கும் நகல் வைத்து, பெற்றுக்கொண்டதற்கு அடையாளம் வாங்குங்கள். "நான் உள்ளே பேசி வெளியே எடுத்துத் தருகிறேன்" என்று பணம் கேட்கும் தரகரிடம் தாலியை அடகு வைத்துக் கொடுத்துவிடாதீர்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி, காவலில் உள்ளவருக்கும், பெண்களுக்கும், குழந்தைகளுக்கும் வருமானக் கணக்குப் பார்க்காமல் இலவச வக்கீல் உதவி உண்டு. மாவட்டந்தோறும் நீதிமன்ற வளாகத்தில் அதற்கு அலுவலகம் இருக்கிறது. நம் அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு உயிரையும் சுதந்தரத்தையும் காப்பது குடிமக்களுக்கு மட்டுமல்ல, எந்த மனிதருக்கும்தான். இதை 1996-இல் சக்மா அகதிகள் வழக்கில் உச்சநீதிமன்றமே எடுத்துக் கூறியுள்ளது.

பார்க்கப் போகும்போது முகத்தையும் உடம்பையும் கவனியுங்கள். இளைத்திருந்தால், கால் வீங்கியிருந்தால், பேச்சுக் குறைந்திருந்தால், அன்றே வைத்திய உதவி கேட்டு எழுத்தில் மனுக் கொடுங்கள். "அடுத்த மாதம் வந்துவிடலாம்" என்று உறுதியில்லாத நம்பிக்கை கொடாதீர்கள். அது பொய்த்துப் போகும்போது மனம் ஒடிந்துவிடும். பிள்ளையின் பள்ளி நோட்டைக் காட்டுங்கள். படம் கொண்டு போங்கள். எப்போது வருவேன் என்று சொன்னீர்களோ, அந்த நாளில் போய் நில்லுங்கள். நாள் கணக்கு இல்லாத இடத்தில் இருப்பவனுக்கு, நீங்கள் வரும் நாள்தான் காலண்டர்.

இரண்டாவது, பங்கினராகிய நாம் செய்யக்கூடியவை. தனியாகப் போகும் பெண்ணோடு நம் மாதர் சங்கத்தார் ஒருவர் துணை போகலாம். வழிச்செலவை வின்சென்ட் தே பவுல் சபை ஏற்கலாம். மனு எழுத, ஆங்கிலக் கடிதம் படிக்க நம் வாலிபர்கள் உதவலாம். பள்ளிக் கட்டணத்துக்குப் பிள்ளைகள் நிற்காமல் பார்த்துக்கொள்ளலாம். 1980-இல் தந்தை பெத்ரோ அருப்பே தொடங்கிய இயேசு சபை அகதிகள் பணியும், 1984-இல் சந்திரஹாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகமும் முகாம் மக்களிடையே நீண்ட காலம் உழைத்தவை. அவர்களிடம் வழி கேட்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த வீட்டைப் பற்றித் தண்ணீர்க் குழாயடியில் பேசாமல் இருக்கலாம். அதற்குக் காசு செலவில்லை!

உரோமையில் சின்னப்பர் விலங்கோடு இருந்தபோது பலர் விலகிப் போனார்கள். ஒனேசிப்போர் என்பவர் மட்டும் அந்த விலங்குக்கு வெட்கப்படாமல் தேடித் தேடிக் கண்டுபிடித்தார். நம் ராயபுரத்துக்குப் பெயர் தந்த இராயப்பரும் சிறையிருந்தவரே. அவருக்காகச் சபையார் இடைவிடாமல் ஜெபித்தார்கள். சம்மனசானவர் விடுவிக்க, அவர் நள்ளிரவில் வந்து கதவைத் தட்டினார். உள்ளே என்ன நடந்தது? ரோதி என்னும் வேலைக்காரச் சிறுமி குரலைக் கேட்ட சந்தோஷத்தில் கதவைத் திறக்காமலே உள்ளே ஓடினாள். ஜெபித்துக்கொண்டிருந்தவர்களோ, "உனக்குப் பைத்தியமா?" என்று அவளைக் கடிந்தார்கள். அவ்வளவு நேரமும் அவர் வெளியிலேயே நின்று தட்டிக்கொண்டிருந்தார்!

அன்பர்களே, ஜெபிப்பது பெரிது, அதை விடாதீர்கள். ஆனால் அடைபட்டவன் ஒருநாள் திரும்பி வந்து நம் தெருவில் நிற்கும்போது, வாடகைக்கு வீடும், துறைமுகத்திலோ தொழிற்சாலையிலோ ஒரு வேலையும், பூசையில் பக்கத்தில் ஓர் இடமும் தர நாம் தயாராக இருக்க வேண்டும். தட்டுகிறவனுக்குத் திறப்பதே இந்த ஜூபிலிக்கு நாம் செய்யும் தகுந்த மரியாதை.