கடல் கடந்த பெட்ரோல்

கல்யாணத்துக்கோ, லா சப்பல் கடைவீதியைத் தரிசித்து வரவோ லண்டன் டூட்டிங்கிலிருந்து பாரீசுக்குக் காரில் பிரயாணப்படும் நம்மவர்கள், டோவர் துறைமுகத்தை நெருங்குகையில், பெட்ரோலை இங்கேயே நிரப்புவதா, பிரான்சின் கலே சென்று நிரப்புவதா என்று விவாதிப்பது சகஜம். 2022-இல் அவ்விவாதத்துக்கு விசேஷ நியாயமும் இருந்தது. மார்ச்சில் பிரிட்டன் லிட்டருக்கு 5 பென்ஸ் வரி குறைத்து நின்றுவிட, பிரெஞ்சு சர்க்காரோ ஏப்ரலில் 18 சென்ட் தள்ளுபடி தந்து, செப்டம்பரில் அதை 30 சென்டாக உயர்த்திற்று.

லிட்டருக்கு 10 பென்ஸ் வித்தியாசம் என்றே வைத்துக்கொண்டாலும், 50 லிட்டருக்கு லாபம் 5 பவுண்தான். அதற்காகவே கப்பல் கட்டணம் செலுத்துவது விவேகமன்று. வேறு காரியமாகப் போகிறவர்களுக்கு அது பிரசாதம்! அவர்களும் அங்கே நெடுஞ்சாலை நிலையங்களைத் தவிர்த்து, விலை குறைவான பேரங்காடிப் பெட்ரோல் பங்க்குகளை நாடுவதே உத்தமம்.

வட அயர்லாந்தின் நியூரி நகரவாசிகளுக்கு இத்தகைய சிரமமில்லை. அயர்லாந்துக் குடியரசின் எல்லை சில மைல் தூரந்தான் என்பதால், இருபுறத்து விலையையும் நாணய மாற்று விகிதத்தையும் ஒப்பிட்டே வண்டியைத் திருப்புகிறார்கள். நம் தேசத்திலும், புதுச்சேரிக்குச் சொந்தமான மாஹேயில், வரி குறைவென்று கேரளத்து வண்டிகள் வரிசையில் நிற்கின்றன.